மேல்விறாந்தைத் தோட்டமும் கீழ்வீட்டு ஈரமும்

எனக்கு வரவேண்டியிருந்த காசு ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து ரூபா. பதினாலு நாள் கூலி, நாளுக்கு அறுபது படி எண்ணூற்று நாற்பது. சீமெந்துக்கும் தாருக்கும் நான் கைக்காசு போட்டது முன்னூற்று முப்பத்தைந்து. அந்தக் காசு சுருவில் ஊரில், இராசமணியம்மாவின் அலுமாரிக்குள், ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் கிடந்தது. அவ எண்ணி வைக்கேக்கை நான் பக்கத்தில் நின்றனான். மூடியை அமத்தின சத்தமும் கேட்டனான். ஆனால் அது என் கைக்கு வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

எண்பத்திநாலாம் ஆண்டு ஆவணி மாதம் அது. அந்த வீடு, இராசமணியம்மாவின் தகப்பன் தெற்கிலே கடை வைத்து உழைத்துக் கட்டின மாடிவீடு. ஆம்பிளைப் பிள்ளை இல்லை, இரண்டு பெண்கள். சீதனம் எழுதேக்கை கீழ்வீடும் வளவும் கிணறும் மூத்தவ இராசமணிக்கு, மேல்வீடு இளையவ சீதேவிக்கு என்று எழுதிவிட்டார். சீதேவியம்மா புருசன் தில்லைநாதன் முதலாளியோடு தெற்கில் இருந்தபடியால் மேல்வீடு வருசக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்தது. எண்பத்திமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்து, அவர்கள் கப்பலில் வந்து இறங்கி, மேலே குடியேறினார்கள். மேலே அறைகள் இருந்தன, ஒரு நீள விறாந்தை இருந்தது. ஒரு கத்தரிக்கன்று நட ஒரு சாண் மண் இல்லை. வளவு முழுக்க அக்காவினது. கேட்டால் தருவா. கேட்கத் தங்கச்சிக்கு மனமில்லை, கேளாமல் கொடுக்க அக்காவுக்கு மனமில்லை.

அதனால்தான் மேல்விறாந்தையில் தோட்டம் போடுகிற யோசனை வந்தது. அதைச் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ஊர்காவற்றுறை ஆள். இருபத்திரண்டு வருசம் பத்திநாதர் மேசனுக்குக் கையாளாக நின்றனான். சாந்து குழைக்கிறது, கல்லுத் தூக்கிறது, ஏணி பிடிக்கிறது. அந்த வருசம் அவருக்குக் கண் தெரியாமல் போய் வீட்டோடு இருந்துவிட்டார். மேசன் இல்லாமல் நான் தனியப் பொறுப்பெடுத்த முதல் வேலை இது. ஒப்பந்தக் கடுதாசியையும் நானே வாசித்தேன். என் மூத்தவள் நாலாம் வகுப்புப் படிக்கேக்கை அவளோடு குந்தியிருந்து எழுத்துப் பழகின ஆள் நான். எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க நேரம் எடுத்தது. இராசமணியம்மா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தா.

"விளங்கிச்சுதோ?" என்று கேட்டா.

"ஓம் அம்மா."

"என்ன விளங்கினது, சொல்லு பாப்பம்."

"வேலை முடிஞ்சு ஒரு மாதத்துக்குள்ளை உங்கடை முகட்டிலை தண்ணி தெரிஞ்சால் எனக்குக் காசில்லை."

"தோட்டமும் இல்லை. அதையும் சொல்லு. அவவும் கேக்கட்டும்."

சீதேவியம்மா பக்கத்தில் நின்றவ. காசு அவவினது. அதை அக்காவின் கையில் கொடுத்து வைக்க வேணும், மாதம் முடியக் கீழ்வீட்டு முகட்டை அண்ணாந்து பார்த்து அக்கா எனக்குத் தர வேணும், அதுதான் பேச்சு. முகடு அக்காவினது, தீர்ப்பு அக்காவினது, பேணியும் அக்காவின் அலுமாரிக்குள். இதில் ஏதோ சரியில்லை என்று கையெழுத்து வைக்கேக்கையே எனக்குப் பட்டது. ஆனால் அந்தக் காசு இல்லாவிட்டால் மாரிக்கு முன்னம் என் வீடு வேய ஏலாது. மூன்று வருசமாக வேயாத பனையோலை வீடு. போன மாரியில் பிள்ளையளைப் பாயோடு சேர்த்து மூலை மூலையாக இழுத்துக்கொண்டு திரிந்தோம். ஓலைக்கார வின்சன்ற் புரட்டாதி முடியும் வரைக்கும்தான் ஓலையை மறித்து வைக்கிறதாகச் சொல்லியிருந்தான்.

வேலையை நான் பயந்து பயந்துதான் செய்தேன். பாரம் தாங்கிற வளை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கீழே நின்று பார்த்து, அதுக்கு நேர் மேலேதான் நாலு தொட்டியையும் வைத்தேன், வெளி விளிம்பில் இல்லை. அந்த வளை வீட்டின் பக்கச் சுவருக்கு மேலே ஓடினதால் தொட்டிகளும் அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றன. தொட்டி நிலத்தில் முட்டாமல் கல்லு அடுக்கி நாலு விரல் உயர்த்தினேன். உள்ளுக்குச் சீமெந்துப் பால் அடித்து, காயவிட்டு, இரண்டு தரம் தார் பூசினேன். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டை, அதுக்கு மேலே சருகும் எருவும் கொஞ்சச் செம்மண்ணும். வெறும் மண் நிரப்பினால் பாரம் கூடும். ஒவ்வொரு தொட்டிக்குக் கீழேயும் ஒரு தகரத் தட்டு. தண்ணீர் வழிந்தாலும் தட்டில் நிற்கும், தட்டை எடுத்துத் திரும்பவும் தொட்டிக்குள் ஊத்தலாம். வளவுக் கிணறு உவர். அந்தத் தண்ணீருக்குக் கத்தரி நிற்காது. அரிசி கழுவின நல்ல தண்ணீர்தான், கன்றுக்கு ஒரு பேணி, அதுக்கு மேலே இல்லை என்று சீதேவியம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவ அதைக் கணக்காகச் செய்தா. அது எனக்குத் தெரியும்.

ஞாயிறு எனக்கு வேதக்கோயிலில் பூசை. வெள்ளிக்கிழமை அவர்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையில் சீமெந்துக் காலோடு ஒருவன் ஏறி இறங்கிறது அவர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் அது வசதி, சந்தைக்குப் போவேன்.

கடைசி நாள் பின்னேரம் இராசமணியம்மா என்னை வீட்டின் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. மேல்விறாந்தை மூலையிலிருந்து ஒரு ஓட்டை வெளியே வந்திருந்தது. தண்ணீர் போக முந்தி விட்ட ஓட்டை. அதுக்குக் கீழே சுவரில் அழுக்குப் படிந்த ஒரு ஊத்தை வரி.

"இதை அடைச்சு விடு" என்றா. "இனி மேலை மண்ணும் எருவும். அந்தத் தண்ணி என்ரை வெள்ளைச் சுவராலை வழியக்கூடாது."

"அம்மா, அது மழைத்தண்ணி போறதுக்கு."

"உந்தத் தாழ்வாரத்தைத் தாண்டி எந்த மழை உள்ளை வாறது? தட்டு வைச்சிருக்கிறன், சொட்டும் வெளியிலை போகாது எண்டு நீதானே சொன்னனீ. அப்ப ஓட்டை என்னத்துக்கு? இல்லாட்டி உன்ரை தட்டிலை உனக்கே நம்பிக்கை இல்லையோ?"

பத்திநாதர் நின்றிருந்தால் ஏதும் சொல்லியிருப்பார். அவ ஏணியைப் பிடிக்க நான் ஏறி, வெளிப்பக்கத்தால் ஒரு கல்லைச் செருகிச் சீமெந்து வைத்துப் பூசிவிட்டேன். இறங்கேக்கை அவ சொன்னா:

"மேலை சொல்லத் தேவையில்லை. அதுக்கும் ஒரு சண்டை வரும்."

நான் சொல்லவில்லை.

வேலை முடிந்தது ஆவணி இருபத்தைந்து, இங்கிலீசு மாதக் கணக்கில். ஒரு கிழமைக்குப் பிறகு இராசமணியம்மா ஆள் அனுப்பினா, வந்து முகட்டைப் பார் என்று.

போனேன். கீழ்வீட்டின் பெரிய அறையான சாலையின் மூலையில், சரியாக மேல்விறாந்தை மூலைக்குக் கீழே, முகட்டில் ஒரு சோற்றுக் கோப்பை அளவில் ஈரம். அதைச் சுற்றிக் கரியால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் ஒன்று என்று எழுதியிருந்தா.

"இது என்ன, குருசுமுத்து?"

"பழைய ஈரமாயிருக்கும் அம்மா."

"பழைய ஈரமெண்டால் இவ்வளவு வருசமும் என்ரை கண்ணிலை படாமலோ இருந்தது? நேற்றைக்கு இல்லை, இண்டைக்கு இருக்குது. நான் சும்மா விடமாட்டன். ஒவ்வொரு நாளும் மேசையிலை ஏறிப் பாப்பன். வளர்ந்தால் கோடு கீறுவன்."

"அம்மா இந்த வயசிலை மேசையிலை ஏறாதையுங்கோ."

"ஏறாமல் விட்டால் நீ இல்லை எண்டுவாய்."

மேலே போனேன். படி வெளிப்பக்கத்தால்தான். தில்லைநாதன் முதலாளி சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். கடை போன பிறகு மனுசன் பேச்சைக் குறைத்துவிட்டார் என்று ஊரில் சொல்லுவார்கள். தொட்டியெல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். தட்டுகளில் ஒரு சொட்டு இல்லை. முன்பக்கத் தளம் காய்ந்து கிடந்தது. மூலைத் தொட்டி சுவரோடு ஒட்டி நின்றதால் அதுக்குப் பின்னால் பார்க்க ஏலவில்லை.

"அம்மா, தண்ணி கூட ஊத்தினியளோ?"

சீதேவியம்மாவுக்குக் கோபம் வந்தது. "நீர் சொன்ன பேணியை விட ஒரு முடறு கூட ஊத்தேல்லை. நல்ல தண்ணி எடுக்க நான் அரைக் கட்டை தூரம் நடக்கிறன். ஊத்தி விளையாட எனக்கென்ன கொள்ளையே?" பிறகு குரலைக் குறைத்து, "உமக்கு ஒண்டு சொல்லுறன். அவ கீழை நிண்டு வாளியாலை எறிஞ்சு நனைக்கிறாவோ எண்டு பாரும்."

"சொந்த முகட்டையோ?"

"என்ரை அக்காவை உமக்குத் தெரியாது."

இறங்கி வரேக்கை அந்த எண்ணம் என்னோடு கூடவே வந்தது. காசைக் கொடுக்காமல் விட ஒரு வாளி தண்ணீர் பெரிய செலவில்லை. வீட்டுக்கு வந்து மனுசி மேரிஜோசப்பினுக்குச் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சருங்கோ, காசும் அவவின்ரை அலுமாரியிலை, முகடும் அவவின்ரை தலைக்கு மேலை. நீங்கள் போய்த் தொட்டியைத் தடவிக்கொண்டு நிக்கிறியள்."

"நான் வேற என்ன செய்யிறது?"

"அவவின்ரை வாளியைத் தடவிப் பாருங்கோ, ஈரமோ எண்டு."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். நான் அடுத்த முறை போனபோது உண்மையிலேயே வாளியைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. சாலைச் சுவரில், நிலத்தில், எறிந்த தண்ணீரின் அடையாளம் ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இராசமணியம்மா நான் பார்க்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன தேடுறாய்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"ஒண்டுமில்லாததை நிலத்திலை குனிஞ்சு தேடினவனை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

அண்டைக்கு முகட்டில் இரண்டு கோடு இருந்தது. மேசையில் ஏறி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கன்றுக்கு ஊத்துகிறது நல்ல தண்ணீர், அப்படியென்றால் இது தோட்டத்துத் தண்ணீர் இல்லை என்று ஒரு கணம் எனக்குச் சந்தோசம் வந்தது. பிறகு யோசித்தேன். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் கடல்மண் கலக்காமல் ஆர் கொங்கிறீற் போட்டது? சர்க்கரைத் தண்ணீர் ஊத்தினாலும் கீழே உப்பாகத்தான் வரும்.

அதுக்குப் பிறகு நீலம் போட்டுப் பார்த்தேன். உடுப்புக்குப் போடுகிற நீலக்கட்டி, அரைக் கட்டி கரைத்து, மூலைத் தொட்டியின் தண்ணீரில் கலந்து நானே ஊத்தினேன். தோட்டத்தால் போகிற தண்ணீர் என்றால் கீழே நீலமாக வரவேணும். மூன்று நாள் பார்த்தேன், வரவில்லை. இராசமணியம்மாவிடம் சொன்னேன்.

"நீலத்தை எரு குடிச்சிருக்கும்" என்றா. "உடுப்பு குடிக்கிற நீலத்தை எரு குடிக்காதோ?"

அதுவும் பொய்யில்லை. மேலே போய்ச் சொன்னால் சீதேவியம்மா, "பாத்தீரோ, நான் சொன்னனான்" என்றா. நீலம் வராததால் கீழே ஒரு தீர்ப்பு, மேலே ஒரு தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் என் காசு.

மாதம் முடிய ஒரு கிழமை இருந்தது. வின்சன்றை றோட்டில் கண்டேன். "அண்ணை, ஓலையை வேலணையில் ஒருத்தர் கேக்கிறார், காசோடை நிக்கிறார்" என்றான். முப்பதாம் திகதி வரைக்கும் பொறு என்றேன். "பொறுக்கிறன், ஆனால் நான் பொறுக்கிறதை மழை பொறுக்காது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தான்.

பதினேழாம் திகதி திங்கட்கிழமை திரும்பவும் போனேன். ஈரம் இப்போது சுளகு அளவு. மூன்று கோடு, ஒன்றுக்கு வெளியே ஒன்று. இராசமணியம்மா குசினிக்குள் சமையலில் நின்றா. நான் மேசையில் ஏறி நின்று கரியால் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒன்று. எட்டு. பதினைந்து.

இடையில் ஒரு கோடும் இல்லை.

"அம்மா, நீங்கள் ஒவ்வொரு நாளும் பாக்கிறனீங்களோ?"

"ஓம். வளர்ந்தால்தான் கோடு. வளராத நாளுக்கு ஏன் கரி?"

அவ எழுதினது திகதி. சுவரில் தொங்கின கலண்டரைப் பார்த்தேன். ஒன்று சனி. எட்டு சனி. பதினைந்தும் சனி. கன்றுக்குத் தண்ணீர் ஒவ்வொரு நாளும் போகிறது. ஈரம் சனிக்கிழமை மட்டும் வளர்கிறது. வெள்ளிக்கிழமை ஏதோ நடக்கிறது. வெள்ளிக்கிழமைதான் இரண்டு பேரும் என்னை வரவேண்டாம் என்றது. ஏன் வரவேண்டாம் என்றார்கள் என்று அப்போதுதான் முதல்தரம் யோசித்தேன், மனதுக்குள் இருந்த சந்தேகம் எல்லாம் ஒன்றாக எழும்பினது.

அந்த வெள்ளிக்கிழமை, இருபத்தோராம் திகதி, காலமை ஏழு மணிக்கு நான் அந்த வீட்டு வாசற்படலையில் நின்றேன். இராசமணியம்மா முன் விறாந்தையைக் கழுவிக்கொண்டிருந்தா. தோய்ந்த தலையில் ஈர முடிச்சு.

"இண்டைக்கு என்ன? வெள்ளிக்கிழமை வராதை எண்டு சொன்னனான் எல்லே."

"ஒரு சாந்துக் கரண்டியை மேலை விட்டிட்டன் அம்மா. எடுத்துக்கொண்டு போறன்."

"கூலி வாங்காமல் கரண்டியைத் தேடுறாய். நல்ல மேசன்தான்."

நான் வெளிப்படியால் ஏறினேன். கடைசிப் படியில் நின்றுவிட்டேன். சீதேவியம்மா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேல்விறாந்தை முழுக்கத் தண்ணீர் ஊத்திக்கொண்டிருந்தா. தில்லைநாதன் முதலாளி, அந்தச் சாய்மனைக் கதிரைக்காரர், கிணற்றடியிலிருந்து இரண்டு வாளி தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்தார். அவ வாங்கிச் சரித்தா. தும்புத்தடியால் கூட்டித் தள்ளினா. தண்ணீர் முழுக்க என் தொட்டிகளுக்குக் கீழே, நான் நாலு விரல் உயர்த்தி வைத்த இடைவெளியால், மூலைக்கு ஓடினது.

"எத்தினை வாளி அம்மா?"

"ஆர், குருசுமுத்தோ? எட்டோ பத்தோ. ஏன்?"

"இந்தத் தண்ணி எங்கை போகுது?"

"எங்கை போறது? தொட்டிக்குப் பின்னாலை ஓட்டையாலை போகுது."

"போறதைப் பாத்தனீங்களோ?"

"அதுக்குப் பின்னாலை எப்பிடிப் பாக்கிறது? தள்ளிவிட்டால் போகும்."

"அம்மா, மூண்டு கிழமையா உங்களைக் கேக்கிறன், தண்ணி ஊத்தினீங்களோ எண்டு."

"நான் ஊத்தேல்லை எண்டுதானே சொன்னனான்."

"அப்ப இது?"

அவ என்னை விசரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தா. "இது வீடு கழுவுறது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற வீடு கழுவாமல் விடுறதோ?"

அந்த வீட்டில் அவ பொய் சொல்லவில்லை. கீழே இருந்தவவும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கிணற்றுத் தண்ணீரால் வீடு கழுவினார்கள். இரண்டு பேருக்கும் அது தண்ணீர் ஊத்துகிற கணக்கில் சேரவில்லை. எங்கள் வீட்டில் மண் நிலம், நாங்கள் சாணிதான் போடுகிறது. எனக்கும் அது தோன்றவில்லை.

ஆனால் ஓட்டையை அடைத்தது நான்.

படியில் குந்திவிட்டேன். மெல்ல ஏணியை வைத்து அந்தக் கல்லைத் தட்டி எடுத்துவிட்டுப் பேசாமல் போகலாம். ஆனால் முகடு நனைந்தது நனைந்ததுதான், செவ்வாய்க்கிழமை மாதம் முடியுது, காசில்லை. வீடு கழுவினதுதான் காரணம் என்று கீழே சொன்னால், தங்கச்சியில்தான் பிழை என்று தோட்டத்தைப் பிடுங்குவா. மேலே சொன்னால் ஓட்டைக் கதை வரும், ஏன் எனக்கு ஒளிச்சனீர் என்று சீதேவியம்மா கேட்பா. அடைக்கச் சொன்னது அக்கா என்றால், அவ இல்லை என்றுவிடுவா. ஒரு கூலிக்காரனின் சொல்லும் இராசமணியம்மாவின் சொல்லும் ஒரு தராசில் நிற்காது. இன்னொரு எண்ணமும் வந்தது, அதுதான் என்னை எழும்ப வைத்தது. அவ தெரிந்துதான் அடைக்கச் சொன்னாவோ? வெள்ளிக்கிழமைத் தண்ணீர் தேங்கட்டும், முகடு நனையட்டும், தோட்டம் போகட்டும் என்று?

இரண்டு பேரையும் சாலைக்குள், அந்தக் கோடுகளுக்குக் கீழே, கூப்பிட்டேன். சீதேவியம்மா வாசற்படியோடு நின்றா. முதலாளி அவவுக்குப் பின்னால் வெறும் வாளியோடு நின்றார்.

"ஒண்டு, எட்டு, பதினைஞ்சு. எல்லாம் சனிக்கிழமை" என்றேன். "வெள்ளி ஊத்தினது சனி இறங்குது. கன்றுத் தண்ணி இல்லை இது, வீடு கழுவின தண்ணி. போக ஓட்டை இல்லை. ஓட்டையை நான் அடைச்சனான்."

"நீர் அடைச்சனீரோ?" சீதேவியம்மா. "ஏன்?"

நான் இராசமணியம்மாவைப் பார்த்தேன். அவ முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"அம்மா அடைக்கச் சொன்னவ."

"நானோ?" என்றா. "நான் எப்ப சொன்னனான்? உன்ரை வேலைப் பிழையை எனக்கு மேலை போடுறியோ?"

நான் பயந்தது அதுதான். அப்போது பின்னால் வாளி நிலத்தில் வைக்கிற சத்தம் கேட்டது.

"மச்சாள்" என்றார் தில்லைநாதன் முதலாளி. "அண்டைக்கு ஏணி பிடிச்சது ஆர்?"

அவர் சீதேவியம்மாவைத் தாண்டிச் சாலைக்குள் வந்தார்.

"நான் மேலை கதிரையிலை கிடந்தனான். நித்திரையில்லை. நீங்கள் ஏணியைப் பிடிச்சுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சீமெந்து வை, கஞ்சத்தனம் பிடிக்காதை எண்டு இவனுக்குச் சொன்னனீங்கள்."

"அப்ப ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று சீதேவியம்மா புருசனிடம் திரும்பினா.

"சொன்னால் சண்டை. சண்டை பிடிக்கிற பலம் கடையோடை போயிட்டுது."

சீதேவியம்மா அக்காவைப் பார்த்தா. "நாலு கத்தரிக்கன்றைப் பிடுங்கவோ இவ்வளவும்?"

"என்ரை முகட்டை நானே நனைப்பனோ? எனக்கென்ன விசரோ?" இராசமணியம்மாவின் குரல் இடறினது. "சுவராலை ஊத்தை வழியுது எண்டுதான் அடைக்கச் சொன்னனான். அந்தத் தண்ணி பிறகு எங்கை போகும் எண்டு நான் என்னத்தைக் கண்டன்? மேசன் இவன். சொல்லியிருக்க வேண்டாமோ?"

"சொன்னனான் அம்மா. அது தண்ணி போற ஓட்டை எண்டு."

"மழைத்தண்ணி எண்டு சொன்னாய்."

அது உண்மை. மழைத்தண்ணீர் என்றுதான் நான் சொன்னேன். அவ தெரிந்து செய்தாவா, தெரியாமல் செய்தாவா என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் முகட்டைப் பார்த்த அந்த முகத்தில் பயம் இருந்தது. தன் வீட்டைத் தானே நனைத்த ஆளின் பயம்.

ஏணியை வைத்தேன். இந்த முறை முதலாளி பிடித்தார். உளியால் நாலு அடி. கல்லு வெளியே வந்த கையோடு தண்ணீர் என் நெஞ்சிலே அடித்தது. மண்ணிறமாக, எருமணத்தோடு, வாயெல்லாம் உப்பு. அது நின்று முடியக் கன நேரம் எடுத்தது. மேலே விறாந்தை மதிலுக்கு மேலால் தங்கச்சி எட்டிப் பார்த்தா, கீழே மாமரத்தடியில் நின்று அக்கா பார்த்தா. பிறகு முதலாளி எங்கோ கிடந்த ஒரு இரும்புக் குழாய்த் துண்டைக் கொண்டு வந்து தந்தார். அதை ஓட்டைக்குள் செருகி, சுவரிலிருந்து ஒரு முழம் வெளியே நிற்க வைத்துப் பூசினேன். இனி வழிந்தாலும் சுவரில் படாமல் வளவில் விழும். மூலைத் தொட்டியையும் ஓட்டை தெரிய ஒரு சாண் விலத்தி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காசுக்குப் போனேன். ஈரம் வெளிறியிருந்தது, ஆனால் போகவில்லை. பூச்சு ஊதிப் பொருமி நின்றது.

"காயேல்லை" என்றா இராசமணியம்மா. "பேச்சு எண்டால் பேச்சு. ஒரு மாதத்துக்குள்ளை தண்ணி தெரிஞ்சது."

"தெரிஞ்சது அம்மா. நான் இல்லை எண்டேல்லை. பொருமின பூச்சை உரிச்சுத் திரும்பப் பூசித் தாறன், கூலி வேண்டாம். ஆனால் மாரி முடிஞ்சு காஞ்சாப் பிறகுதான் பூசலாம். காசு எனக்கு இப்ப வேணும். என்ரை வீட்டுக்கு முகடே இல்லை."

"தையிலை நீ வருவாய் எண்டதுக்கு ஆர் பொறுப்பு?"

சீதேவியம்மா வெளிப்படியால் இறங்கி வந்து வாசலில் நின்றா. "அக்கா, அது நான் தந்த காசு. குடு."

"உன்ரை காசுதான். என்ரை முகடு."

"ஓட்டையும் உன்ரைதானே" என்றா சீதேவியம்மா.

இராசமணியம்மா திரும்பினா. உள்ளே போனா. அலுமாரி திறந்த சத்தம், பேணி மூடி கழன்ற சத்தம். வந்து என் கையில் ஆயிரத்து நூற்றைம்பது எண்ணி வைத்தா.

"இருபத்தைஞ்சு என்னட்டை நிக்கும். பூசிப்போட்டு வாங்கு."

நான் நேரே வின்சன்றிடம் போனேன். ஓலை அப்பவும் கிடந்தது. ஐப்பசி பிறக்க முன்னம் வீடு வேய்ந்தோம்.

அந்த மாரி பெரிய மாரி. தையில் றோட்டில் நேவிக்காரர் மறிக்கத் தொடங்கினபடியால் இரண்டு கிழமை பிந்தித்தான் சுருவிலுக்குப் போனேன். முகடு காய்ந்து கிடந்தது. பொருமினதை உரித்து, நல்ல தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் சாந்து குழைத்துப் பூசினேன். குசினி வாசலில் ஒரு சுளகில் கத்தரிக்காய் கிடந்தது. எங்கே காய்த்தது என்று நான் கேட்கவில்லை.

வேலை முடிய இராசமணியம்மா மேசையில் ஏறிப் பூச்சை விரலால் அமத்தி அமத்திப் பார்த்தா.

"வெள்ளிக்கிழமை கழிச்சு வா" என்றா. "நனையாட்டித் தாறன்."

சனிக்கிழமை திரும்பவும் ஆறு கட்டை தூரம் சைக்கிள் மிதித்துப் போனேன். முகட்டில் ஒரு ஈரமும் இல்லை. இரண்டு பத்து ரூபாத் தாளும் ஒரு ஐந்து ரூபாக் குத்திக் காசும் தந்தா. நான் எண்ணிப் பார்த்தேன். நான் எண்ணி முடிக்கும் வரைக்கும் அவ என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"சரியோ?"

"சரி அம்மா."

"அப்ப இனி ஒண்டும் இல்லை."

"இல்லை அம்மா. எல்லாம் தீர்ந்தது."